மெஹராஜ் பேகம் இருந்த இத்தா

இத்தாவை முறித்துக்கொண்டு கார் ஏறிப் போனாளாம்! யார் சொன்னது, எதிர்வீட்டு ஷமீராவா? அவள் சொல்லுவாள். அவள் வீட்டு ஜன்னல் மெஹராஜ் பேகத்தின் வாசலைப் பார்த்தே இருக்கிறது, அவளுக்கு வேறு வேலையும் இல்லை. புருஷன் செத்துக் கிடக்கும்போது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவள், அப்புறம் இத்தாவையாவது ஒழுங்காக இருந்தாளா என்று பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பட்டு கட்டினது உண்மை. கார் ஏறினதும் உண்மை. மற்றதெல்லாம் ஷமீராவின் கைச்சரக்கு. முதலிலிருந்து கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும், யார் வேண்டுமானாலும்.

மெஹராஜ் பேகம் வலங்கைமான் பக்கத்திலிருந்து மன்னார்குடிக்கு வாழ வந்தவள். சைபுல்லாவைக் கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் மாதமே அவர் சவுதிக்குப் போய்விட்டார். அங்கே பெரிய லாரி ஓட்டுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் லீவில் வருவார், சில சமயம் மூன்று வருஷமும் ஆகும். அத்தர் வரும், போர்வை வரும், டேப் ரெக்கார்டர் வரும், கூடவே அவரும் வருவார். பெட்டியைப் பிரித்த வாசனை போவதற்குள் திரும்பிப் போக நாள் வந்துவிடும். கல்யாணமாகி முப்பது வருஷம் என்று பேருக்குச் சொல்லலாம். ஒரே கூரைக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஒட்டுப்போட்டுப் பார்த்தால் நாலைந்து வருஷம் தேறும், அவ்வளவுதான்.

அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. சவுதிப் பணத்தில் வீடு எழும்பியபோது சித்திரை வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு கொத்தனார் பக்கத்திலேயே நின்றாள். சுவர் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் "அத்தா, அதை இடிச்சுட்டுக் கட்டுங்க" என்பாள். குத்தகைக்கு நிலம் செய்த தங்கையன் ஒரு தடவை ஈர நெல்லை அளந்து போட்டுவிட்டுப் போகப் பார்த்தார். களத்திலேயே காயவைத்து அளக்கச் சொல்லி, பொழுது சாயும்வரை களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டாள். மீன்காரன் தெரு முழுக்க மணி அடித்துக்கொண்டு வருவான், அவள் வாசலில் மட்டும் மணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பான். அவளோடு விலை பேச அவனுக்குத் தெம்பு கிடையாது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் தொண்டையில் சோறு அடைத்தது. முதலில் சோறு நின்றது, அப்புறம் இட்லி நின்றது, கடைசியில் டீ மட்டும் இறங்கியது. உணவுக்குழாயில் புற்று என்றார்கள். மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து கெட்டுப்போன குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையையே மேலே இழுத்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் அவள் சாப்பாடு குருவி கொத்துகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. மல்லாந்து படுத்தால் தின்றது மேலே வரும் என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கினாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. மகன் அஸார் துபாய்க்குப் போனான். மருமகள் இர்ஃபானா கூட இருந்தாள். மெஹராஜ் எழுந்து நடமாடி, மறுபடி மீன்காரனை மிரட்ட ஆரம்பித்துவிட்டாள். தெருவுக்கே ஒரு நிம்மதி.

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போடாமல் போன வருஷம், கழுத்தெலும்புக்கு மேலே ஒரு நெறி கட்டியது. குரல் கம்மியது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"தச்ச இடத்துக்குப் பக்கத்துல திரும்ப வந்திருக்கும்மா. மறுபடி கத்தி வைக்க அங்க இடம் இல்ல. கரண்ட் வைக்கலாம்."

"வெச்சா போயிடுமா?"

"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். சுருங்கும். கஞ்சி இறங்கும், மூச்சு விடலாம். கொஞ்ச வருஷம் நல்லா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை தவிர தினம் வரணும், ஒண்ணரை மாசத்துக்கு."

கரண்ட் என்றால் வீட்டு பல்பில் எரிகிற கரண்ட் இல்லை. ஒரு பெரிய மிஷினுக்குக் கீழே படுக்க வைத்து, கண்ணுக்குத் தெரியாத கதிரை அந்த நெறி மேல் பாய்ச்சுகிறார்கள். சுடாது, வலிக்காது. நாள் போகப் போகத் தொண்டை புண்ணாகும், கழுத்துத் தோல் கறுக்கும், அப்புறம் ஆறும். எல்லோரும் அதைக் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே சைபுல்லா போனில் வந்தார்.

"மெஹராஜு, லீவு கேட்டிருக்கேன். நானே வந்து கூட்டிட்டுப் போறேன். உள்ள கரண்ட் வைக்கறப்ப நான் வெளிய உக்காந்திருக்கேன்."

"நீங்க உக்காந்து என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்ணும் செய்யல. சும்மா உக்காந்திருக்கேன். இத்தினி வருஷம் எங்க உக்காந்தேன்?"

போனை வைத்துவிட்டு, "இந்த மனுஷனுக்கு வயசாயிட்டுது" என்று மட்டும் மருமகளிடம் சொன்னாள்.

அதற்கப்புறம் போன் இல்லை. பாலைவனத்து ரோட்டில் ஓட்டம் போனால் வாரக்கணக்கில் போன் வராது, அது பழகின சங்கதி. லீவு கிடைத்துத் திடீரென்று வாசலில் வந்து நிற்பார் என்றுகூட நினைத்தார்கள். அந்த நடுவில்தான் அடுத்த வீட்டு ஷம்சாத்தின் மகளுக்கு நிக்காஹ் வந்தது. ஷம்சாத் யார்? சைபுல்லாவின் கூடப் பிறந்த தங்கை. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு மச்சி பட்டு கட்டாமல் வேறு என்ன கட்டுவாள்? மாம்பழக் கலர் பட்டு கட்டினாள், பூ வைத்தாள், தன்னால் நாலு கவளம் சாப்பிட முடியாவிட்டாலும் பந்தி பந்தியாக நின்று எல்லாருக்கும் தாளிச்சா விட்டாள். அந்த நேரத்தில் சைபுல்லா சவுதியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிப் பெட்டியில் பிணமாக இருந்தார் என்று அவளுக்கு யார் சொன்னது? அல்லாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்ததும் அவளே சொன்னாள்: "அவர் வர்றப்ப வரட்டும். இந்த நெறி அவரு லீவுக்கா காத்திருக்கும்?" இர்ஃபானாவைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனாள். கழுத்திலும் நெஞ்சிலும் ஊதா மையால் கோடு போட்டு அனுப்பினார்கள். மிஷின் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் குறி வைக்குமாம். "இது அழியக்கூடாது, இந்த இடத்துல சோப்புப் போடாதீங்க, திங்கக்கிழமை காலையில வந்துருங்க" என்றார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் துபாயிலிருந்து அஸார் போன் பண்ணினான். எடுத்தது இர்ஃபானா. வெகுநேரம் அவன் அழுததைத்தான் கேட்டாள். லாரியை ஓரம் கட்டிவிட்டு சைபுல்லா ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. கம்பெனிக்காரர்களிடம் இருந்தது பழைய போன் நம்பர். அவர்கள் அங்கே இங்கே விசாரித்து ஆளைப் பிடிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு மாதம் ஓடிவிட்டது. அங்கேயே அடக்கமும் பண்ணிவிட்டார்கள்.

தெருப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். வளையலைக் கழற்றினார்கள். குளிப்பாட்டி வெள்ளைச் சேலை கட்டி இத்தாவில் உட்கார வைக்க வேண்டுமே, கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர் ஊற்றிய ஷமீரா கழுத்தைப் பார்த்தாள். "என்னடி இது, ஊதாவா? தெருப் புள்ளைங்க பேனாவால கிறுக்கிட்டாங்களா?" என்று சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டாள். நல்ல மனசோடுதான் தேய்த்தாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். மெஹராஜ் எங்கே உணர்ந்தாள், அவள் கல்லாக உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்திலிருந்து இர்ஃபானா ஓடிவந்து "அய்யோ, அந்தக் கோடு!" என்று கத்தியபோது கோடும் இல்லை, நெஞ்சில் ஒரு ஊதா நிழல்கூட இல்லை.

இத்தா என்றால் தெரியாதவர்களுக்கு: புருஷன் மௌத்தானால் பெண்சாதி நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பது. மெஹராஜ் உள்ளறையில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை வந்தது, போனது.

இர்ஃபானா மட்டும் தஞ்சாவூருக்குப் போய் டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா, "எப்ப முடியும்?" என்று கேட்டார். சொன்னாள்.

"அவ்வளவு நாள் தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. அது மூச்சுக்குழாய் பக்கத்துல இருக்கு. வளந்தா மூச்சை அடைக்கும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்த ஷம்சாத் இத்தாவை முழுசாக முடிக்கத்தான் சொல்வாள் என்று தெரு நினைத்தது. அவளோ இர்ஃபானா சொன்னதைக் கேட்ட மறு நிமிஷம் உள்ளறைக்கு வந்து நின்றாள்.

"மச்சி, கெளம்பு."

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா? தஞ்சாவூருக்கு."

"ஒங்க அண்ணனுக்காகத்தாண்டி உக்காந்திருக்கேன்."

"எங்க அண்ணன் கேட்டாரா? வைத்தியத்துக்கு லீவு போட்ட மனுஷன் அவரு."

"மொகத்தைப் பாத்தேனா நானு? மய்யித்துப் பக்கத்துல ஒரு ராத்திரி உக்காந்து ஓதினேனா? உசுரோட இருந்தப்பவும் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு அவரை எதிர்பாத்தேன். இப்ப வரமாட்டாருன்னு தெரிஞ்சு இருக்கேன். இதையும் புடுங்கிக்கிட்டா அவருக்குச் செய்ய எனக்கு என்ன இருக்கு, சொல்லு?"

ஷம்சாத் விடவில்லை, பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், நடுவில் திரை, உள்ளே மெஹராஜ்.

"நோய்க்கு வைத்தியம் பாக்கப் போறதுக்குத் தடை இல்லம்மா" என்றார் ஹஜ்ரத். "பகல்ல போயிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து தங்கிடுங்க. இன்னொண்ணு, இத்தா மௌத்தான நாள்லேருந்துதான் கணக்கு. சேதி வந்த நாள்லேருந்து இல்ல. ஒங்களுக்குத் தெரியாமலே ஒரு மாசம் கழிஞ்சாச்சு."

திரைக்குப் பின்னாலிருந்து கம்மிய குரல் வந்தது. "அந்த ஒரு மாசம் நான் பட்டு கட்டியிருந்தேன் ஹஜ்ரத். பூ வெச்சிருந்தேன்."

"தெரியாம செஞ்சது. குத்தம் இல்லம்மா."

"குத்தம் இல்லதான். அதுக்காக இத்தா இருந்ததா ஆயிடுமா?"

"மார்க்கத்துல ஆயிடும்."

"எனக்கு ஆகலியே. சேதி வந்த நாள்லேருந்து நான் இருந்துக்கறேன். முடிச்சுட்டு அப்புறம் கரண்ட் வெச்சுக்கறேன்."

ஹஜ்ரத் எழுந்து, வாசல்வரை வந்த ஷம்சாத்திடம் மெல்லச் சொன்னார்: "சட்டம் தெரிஞ்சவங்களுக்குச் சட்டம் சொல்லலாம். இவங்க அவங்க புருஷனோட பேசிக்கிட்டு இருக்காங்க. நான் எங்க நடுவுல போறது?"

அப்படியே வாரங்கள் போயின. இர்ஃபானா கஞ்சியை இன்னும் இளக்கினாள், அதையும் வடிகட்டினாள். மாமியார் குடிக்கிற சத்தத்தைச் சமையலறையிலிருந்தே காது கொடுத்துக் கேட்பாள். ஒரு மடக்கு, நிற்கும். ஒரு மடக்கு, இருமல். அஸார் போனில் கெஞ்சினான், அதட்டினான். "நீ அங்கேருந்து அதட்டு, ஒங்க அத்தாவும் அங்கேருந்துதான் அதட்டினாரு" என்று மெஹராஜ் வைத்துவிட்டாள். இர்ஃபானா அழுதால், "அழுவாதே புள்ள, தாங்கும்" என்பாள். எதை வைத்துத் தாங்கும் என்றாள், யாருக்குத் தெரியும்?

அந்த அறையில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எழுத்து வாசிக்க அவளுக்குத் தெரியாது, ஆனால் சின்ன வயதில் காதால் கேட்டு மனப்பாடம் பண்ணின குர்ஆன் யாசீன் அத்தியாயம் முழுசாக வரும். அஸர் தொழுகைக்கு அப்புறம் தினமும் சைபுல்லாவுக்காக ஒரு தடவை ஓதுவாள். கம்மின குரலானாலும் அடுத்த வீட்டில் ஷம்சாத்துக்குக் கேட்கும். அவளும் கை வேலையை வைத்துவிட்டு, முடிகிறவரை காத்திருந்து ஆமீன் சொல்வாள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டது கிடையாது.

ஒரு நாள் பாதியில் ஓதல் நின்றது. ஷம்சாத் முறத்தில் அரிசி வைத்திருந்தாள். இருமல் கேட்கும் என்று பார்த்தாள், கேட்கவில்லை. முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

மெஹராஜ் சுவரில் கை ஊன்றி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். கரும்பு ஆலையில் சக்கை சிக்கின மாதிரி ஒரு சத்தம் உள்ளே போய் வந்தது. இர்ஃபானா முதுகைத் தடவினாள். நேரம் போய்த்தான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. எச்சிலை முழுங்க முடியாமல் துணியில் துப்பினாள். மறுபடி ஓத வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை பார்த்தாள். அப்போதும் காற்றுதான்.

"இருக்கட்டும் மச்சி, மீதியை நான் ஓதறேன்" என்று ஷம்சாத் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

மெஹராஜ் கையைக் காட்டி நிறுத்தினாள். காதருகில் வரச் சொல்லி, ஊதுகிற மாதிரி பேசினாள். "தப்புத் தப்பா ஓதறேடி."

"அப்ப நீ ஓது!" ஷம்சாத்துக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "ஓது பாப்போம்! எங்க அண்ணனுக்கு நான் தப்புத் தப்பாத்தான் ஓதுவேன். நீ இங்க உக்காந்து ஊமையாகிட்டே இரு. அவருக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கும்!"

இர்ஃபானா பயந்துபோய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பொழுது சாய்ந்து மக்ரிபு பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது. மெஹராஜ் உட்கார்ந்ததே அவருக்கு ஓதத்தான். ஓத முடியாமல் வெறுமனே உட்கார்ந்திருப்பது என்ன இத்தா என்று அவளுக்குள் ஓடியதோ என்னவோ, வாயால் அப்படிச் சொல்லவில்லை.

"குரல் திரும்பி வருமான்னு கேளு" என்றாள் மருமகளிடம்.

இர்ஃபானா அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டரம்மாவே பேசினார். நெறி சுருங்கினால் குரல் கொஞ்சம் திரும்பலாம், சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் இனி ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், வந்து ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்.

"படுக்க மாட்டேன்" என்று மெஹராஜ் தலையை ஆட்டினாள். "போயிட்டுப் போயிட்டு வருவேன். ராத்திரி எங்க வீடு."

"மாமி, மன்னார்குடிலேருந்து தஞ்சாவூருக்குத் தினமுமா? ஒடம்பு என்ன ஆகும்?"

"சொல்லு."

இர்ஃபானா சொன்னாள். அந்தப் பக்கம் டாக்டரம்மா பெருமூச்சு விட்டது இர்ஃபானாவுக்குக் கேட்டது. "தண்ணி இறங்குதில்ல? சரி, வந்துட்டுப் போகட்டும். மூச்சு முட்டினா அப்புறம் நான் அவங்க பேச்சைக் கேக்க மாட்டேன், சேத்துக்குவேன். கழுத்துக் கோடு இருக்கா?"

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டாங்க மேடம்."

"யாரு?"

"துக்கத்துக்கு வந்தவங்க."

"சரி. மறுபடி போட்டுக்கலாம். கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லுங்க."

அப்புறம் மெஹராஜ் பேகம் போட்ட உத்தரவுகள்! மீன்காரனிடம்கூட அவள் அப்படிப் பேரம் பேசினதில்லை. மக்ரிபுக்குள் வீடு திரும்ப வேண்டும். போகிற வழியில் யார் வீட்டு வாசலிலும் கார் நிற்கக் கூடாது. தஞ்சாவூரில் ஒரு டீகூட வேண்டாம், அவளுக்கு மட்டும் இல்லை, கூட வருகிறவர்களுக்கும். வெள்ளைச் சேலை மாறாது. சேதி வந்த நாளிலிருந்துதான் கணக்கு, அந்த ஒரு மாதத்தை எவரும் கழிக்கக் கூடாது. கார்க்காரருக்கும் தனக்கும் நடுவில் திரை வேண்டும்.

"டாக்டரு ஆம்பளையா இருந்தா? மிஷின் ஓட்டறவரு ஆம்பளையா இருந்தா?" என்று ஷம்சாத் வேண்டுமென்றே கிளறினாள்.

"அவங்க வைத்தியம் பாக்கறவங்க. கார்க்காரரு எனக்கு வைத்தியமா பாக்கறாரு?"

கார்க்காரர் குழந்தைராஜ், மாதாகோயில் தெருக்காரர், தெருவில் பிரசவத்துக்கும் சவாரிக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஷம்சாத் போய் எல்லா நிபந்தனையையும் ஒப்பித்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, திரை போடறேன், பேச மாட்டேன், பாட்டும் போட மாட்டேன். தும்மல் வந்தா தும்மலாமா?" என்று கேட்டார்.

"மெதுவாத் தும்முங்க" என்றாள் ஷம்சாத்.

காலையில் விடிந்து நெடுநேரம் ஆவதற்குள் அம்பாசிடர் வாசலில் வந்து நின்றது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் குழந்தைராஜின் மனைவி அமலியின் பூப்போட்ட போர்வை, நான்கு மூலையிலும் சணல் கட்டித் தொங்கியது. பின் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார். காரின் பின் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவர் எட்டப் போய் மதில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின பையன் மாதிரி.

உள்ளே இர்ஃபானா பையில் பழைய படங்களையும் ஃபிளாஸ்கில் வெந்நீரையும் வைத்தாள். மெஹராஜ் குளித்து, வெள்ளைச் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளறை நிலையில் கொஞ்சம் நின்றாள். தொழுகைப் பாயை மடித்து வைத்தாயா என்று கையாலேயே கேட்டாள். வைத்தாயிற்று. ஷம்சாத் தோளைக் கொடுத்தாள், அவள் பிடித்துக்கொள்ளவில்லை, சுவரைத் தொட்டுக்கொண்டு கூடத்தைக் கடந்தாள். இத்தனை வாரம் கூடத்தைக்கூடத் தாண்டாத கால், மெதுவாகத்தான் வந்தது.

வாசல் நிலையில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். தெருவில் வெயில் இறங்கியிருந்தது. மதிலைப் பார்த்து நின்ற குழந்தைராஜின் முதுகு அவள் கண்ணில் பட்டது. நாத்தனார் காதில் ஏதோ ஊதினாள்.

ஷம்சாத் சிரிப்பை அடக்கிக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "தம்பி, ஓட்டறப்ப ரோட்டைப் பாப்பீங்கதானேன்னு மச்சி கேக்குது!"

"பாப்பேங்கக்கா" என்றார் அவர் மதிலிடம்.

மெஹராஜ் பேகம் துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிஸ்மி சொன்னாள். சத்தம் வரவில்லை, உதடுதான் அசைந்தது. அப்புறம் படியிறங்கினாள்.